பூமலையில் காலை, கிழக்குக் கடலோரத்தில் மாலை: சிங்கப்பூரில் அவசரமில்லாத ஒரு நாள்

சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. தீவு இருக்கும் இடத்துக்குக் கிரீனிச் நேரத்தோடு 7 மணி நேரம் கூட்டினால் போதும். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு வருவதில்லை, பகல் 1 மணியையொட்டித்தான் வருகிறது. விடிவது காலை 7 மணியையொட்டி, பொழுது சாய்வது மாலை 7 மணியையொட்டி. பூமத்திய ரேகைக்கு 137 கிலோமீட்டர் வடக்கே இருப்பதால் ஆண்டு முழுக்க இதில் கால் மணி, இருபது நிமிடம்தான் முன்பின் ஆகும்.

தோட்டமும் கடலோரமும் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். சிங்கப்பூரின் காலை 9 மணி வெயில் சென்னையின் 8 மணி வெயில். இங்கே மாலை 5 மணி என்பது சென்னையின் 4 மணி, கடற்கரை மணல் இன்னும் சுடும். பலர் ஹோட்டலில் நிதானமாகக் காலை உணவு முடித்து 10:30க்குக் கிளம்பி, 11 முதல் 3 வரை திறந்தவெளித் தோட்டத்தில் நடந்து, 4 மணிக்குத் தலைவலியோடு அறைக்குத் திரும்புகிறார்கள். நாளை நல்லதாக்கும் வரிசை எளிமையானது. வெயிலுக்கு முன் பூமலை என்னும் தாவரவியல் தோட்டம், உச்சி வெயிலில் கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் கூரைக்குள், வெயில் தாழ்ந்ததும் ஈஸ்ட் கோஸ்ட் கடலோரம். இந்த மூன்றையும் இப்போது ஒரே ரயில் பாதை கோத்துவிட்டது. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை, வரைபடத்தில் பழுப்பு நிறக் கோடு. இதன் நேபியர் நிலையம் 2022 நவம்பரில் திறந்தது. கரையோரப் பூந்தோட்டங்களுக்கான நிலையமும் அப்போதே வந்தது. 2024 ஜூன் 23 அன்று பாதை கிழக்கே மரின் பரேட், சிக்லாப், பேஷோர் வரை நீண்டது. அதற்கு முன் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போக பேருந்து மாறி, விரைவுச்சாலையின் அடியில் சுரங்கப்பாதை தேடி அலைய வேண்டியிருந்தது.

ஒரு முன்யோசனை. தமிழ்நாட்டிலிருந்து இரவு விமானத்தில் வந்திறங்கும் நாளில் இதை வைக்காதீர்கள். இந்திய நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இரண்டரை மணி நேர இடைவெளி. இங்கே 7 மணி என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை 4:30. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் வைத்தால் காலையில் எழுந்திருப்பது பாரமாக இராது.

தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்கு இந்த நாள் மிக வசதி. லிட்டில் இந்தியா நிலையத்தில் நீலக் கோடான டவுன்டவுன் பாதையில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். பத்து நிமிடம்கூட ஆகாது. தட்டினால் வேலை செய்யும் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேராகக் கதவில் வைத்துப் போகலாம். வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயன்படுத்தும் நாளுக்கு ஒரு சிறு கட்டணம் சேரும், அவ்வளவுதான். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டினால் கதவு இரண்டாம் ஆளுக்குத் திறக்காது. உள்ளே தட்டிய அதே அட்டையால்தான் வெளியே வரவும் வேண்டும். கைபேசியில் இருக்கும் அட்டையால் உள்ளே போய், பணப்பையில் இருக்கும் அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையால் வெளியே வர முயன்றால் இயந்திரம் அவற்றை வேறுவேறு அட்டையாகவே எடுத்துக்கொள்ளும். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. தாகம் எடுத்தால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே குடித்துவிடுங்கள்.

பையில் என்ன வேண்டும்? ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒரு பொழுதுக்கு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆகவே காலிப் புட்டியை நிரப்பிக்கொண்டே போகலாம். மடிக்கும் குடை, வெயிலுக்கும் அது, மழைக்கும் அது. ஒரு மெல்லிய துப்பட்டா அல்லது முழுக்கைச் சட்டை, இது பகலில் குளிர்ந்த கண்ணாடிக் கூடத்துக்கு. ஒரு மாற்றுப் பனியன், மாலை ரயிலுக்கு. வெயில் தடுப்புக் களிம்பும் கொசு விரட்டியும் இரண்டும் பூசுவதானால் முதலில் களிம்பு, அது உலர்ந்த பிறகு மேலே விரட்டி. மாற்றிப் பூசினால் விரட்டியின் மேல் களிம்பு மூடி அதன் வேலை குறைந்துவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், எனவே “காலைதானே” என்று விட்டுவிட வேண்டாம். செருப்பு அடிப்பக்கம் தேயாததாக இருக்கட்டும். மழை பெய்து ஓய்ந்த மரப்பலகை நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும்.

இனி பூமலை. தாவரவியல் தோட்டம் என்று புத்தகத்தில் எழுதினாலும் சிங்கப்பூர்த் தமிழர்கள் தலைமுறைகளாகப் பூமலை என்றே சொல்கிறார்கள். 1859இல் இப்போதைய இடத்தில் தொடங்கியது. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது, சிங்கப்பூரிலிருந்து சேர்ந்த முதல் இடம் இது. பரப்பு 82 ஹெக்டேர். காலை 5 முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது.

தோட்டம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. இதை அறியாமல் வருபவர்கள் ஒரு முனையில் நுழைந்து, நடுவரை போய், வந்த வழியே திரும்புகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் வீணாகிறது, பாதித் தோட்டம் கண்ணில் படுவதே இல்லை. வடக்கே புக்கிட் தீமா வாயில் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. தெற்கே டாங்ளின் வாயிலுக்கு அருகே நேபியர் நிலையம். வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறினால் ஒரு அடிகூடத் திரும்ப நடக்க வேண்டாம். முடிக்கிற இடமும் பழுப்புக் கோட்டில் வந்து நிற்கும். நின்று பார்த்து நடக்க மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். 7:15க்குத் தொடங்கினால் 11 மணிக்கு முன் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள்.

குழந்தைகளோடு வருபவர்கள் மட்டும் வடக்கு முனையில் கொஞ்சம் தங்கலாம். ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் அங்கேதான். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளே விட மாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை. மூலிகைத் தோட்டம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். தென்கிழக்கு ஆசிய மருத்துவ மரபில் பயன்படும் செடிகளை மனித உடலின் உறுப்பு வரிசையில் பிரித்து நட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லைச் செடிகள் சிலவற்றை மலாய்ப் பெயரோடு அங்கே சந்திக்கலாம்.

நடுப்பகுதிக்கு வருவதற்குள் 8:30 ஆகியிருக்கும். அதுதான் தேசிய ஆர்க்கிட் தோட்டம் திறக்கும் நேரம். பூமலைக்குள் கட்டணம் வாங்கும் ஒரே இடம் இது. வெளிநாட்டவருக்கு 15 வெள்ளி, உள்ளூர்வாசிகளுக்கு 5 வெள்ளி. (இங்கே டாலரை வெள்ளி என்பதுதான் வழக்கம்.) அந்தக் காசு கொடுத்து உள்ளே போங்கள், தயங்காதீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், அதன் இருமடங்கு கலப்பினங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு பூவை மட்டும் சரியாகப் பாருங்கள்.

அந்த ஒரு பூவாக வாண்டா மிஸ் ஜோக்கிமை எடுத்துக்கொள்ளலாம். 1893இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான கலப்பினம், 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரானது. மற்ற ஆர்க்கிட்கள் நிழலும் ஈரமும் தேடும்போது இது முழு வெயிலில் நிற்கும், எனவே கொட்டகைக்குள் தேடாதீர்கள், திறந்த பாத்தியில் கழி ஊன்றி ஏற்றியிருப்பார்கள். இலை தட்டையாக இராது, பென்சில் போல உருண்டு இருக்கும். கொடியின் நுனி, ஊன்றிய கழிக்கு மேலே ஏறி நின்ற பிறகுதான் அது பூக்கத் தொடங்கும். பூவை நேருக்கு நேர் பாருங்கள். வெளிச்சுற்றில் மூன்று, உள்சுற்றில் மூன்று, மொத்தம் ஆறு இதழ்கள். உள்சுற்றின் மூன்றில் ஒன்று மட்டும் மற்றவை போல இராமல் அகன்று, நிறம் கூடி, நாக்கு நீட்டியது போல முன்னால் வந்திருக்கும். உதடு என்று அதற்குப் பெயர், பூச்சி வந்து இறங்கும் திண்ணை. அதற்கு மேலே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே தண்டாக இணைந்து நிற்கும். செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்துப் படித்தவர்களுக்கு அந்த இணைப்பு வியப்பாக இருக்கும். மகரந்தம் தூளாக உதிராது. மெழுகு உருண்டையாகத் திரண்டு நுனியில் ஒட்டியிருக்கும். பூச்சி அதை மொத்தமாக முதுகில் சுமந்து போகும். ஒரு பூவில் இதைப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு ஆர்க்கிடிலும் உதடு எது, தண்டு எது என்று கண் தானே தேடும்.

ஆர்க்கிட் தோட்டத்துக்கு வெளியே வந்ததும் மழைக்காடு. ஏறத்தாழ 6 ஹெக்டேர்தான், ஆனால் யாரும் நட்டதில்லை. தோட்டம் வருவதற்கு முன்பே இங்கே இருந்த காடு. மரப்பலகை நடைபாதையில் நுழைந்ததும் வெளிச்சம் மங்கி, காற்று குளிரும். தலைக்கு மேலே கிளை விதானம் வெயிலை வடிகட்டுவதும், இலைகள் நீராவி விடும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சுவதும்தான் காரணம். மெதுவாக நடங்கள். பெரிய மரங்களின் அடியில் வேர் பலகை போல விரிந்து சுவர் எழுப்பியிருக்கும். இந்த மண்ணில் சத்து மேல்மட்டத்திலேயே இருப்பதால் வேர் ஆழம் போவதில்லை, அகலத்தில் ஊன்றி நிற்கிறது. காற்று திடீரென்று வீசத் தொடங்கினால், இடி கேட்டால், இந்த இடத்தைவிட்டு உடனே வெளியேறிக் கட்டடத்துக்குள் போங்கள். 2017 பிப்ரவரியில் பூமலையிலேயே 270 ஆண்டு பழைய தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அபூர்வம்தான், என்றாலும் பெரிய மரத்தடி மழைக்கு ஒதுங்கும் இடமல்ல.

தமிழ் வாசகர் கடந்துபோகக் கூடாத ஒரு வரலாறும் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1877இல் இங்கே வந்தன. 1888இல் இதன் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை 1890களில் இங்கேதான் செய்து காட்டினார். மீன் முள் வடிவில் பட்டையில் மெல்லிய சாய்கோடாகச் சீவி, மறுநாள் அதே விளிம்பை இன்னும் ஒரு இழை சீவும் முறை. காப்பி நடாதீர்கள், ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் அவர் விதையைக் கையில் கொடுத்து வற்புறுத்தினார். மலாயாக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் கத்தியோடு நின்றவர்கள் நம் ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள். ரப்பர் மரத்தைக் கண்டால் பட்டைக்கு அருகே நின்று, அந்த ஒரு இழைச் சீவல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அத்தனை நுட்பமான கைவேலையைத்தான் கூலி வேலை என்று எழுதி வைத்தார்கள்.

தெற்கே இறங்கும்போது நடைபாதை ஓரத்தில் சிவப்பாகப் பளபளக்கும் விதைகள் கிடக்கலாம். சிங்கப்பூரில் சாகா, நமக்கு ஆனைக்குன்றிமணி. மஞ்சாடி என்று தட்டார்கள் பொன் நிறுத்த எடை இதுதான். காய் முற்றினால் தோல் திருகிக்கொண்டு வெடிக்கும், விதை தெறிக்கும். குழந்தைகள் கை நிறையப் பொறுக்க ஆசைப்படுவார்கள். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போக அனுமதி இல்லை. உடும்பு குறுக்கே போகலாம், காட்டுக்கோழி சீய்க்கலாம். ஒதுங்கி வழிவிட்டால் போதும், தீனி போடக்கூடாது.

டாங்ளின் பக்கத்தில் 1866இல் வெட்டிய அன்னக் குளம், 1930இல் கட்டிய எண்கோண இசை மண்டபம், அதற்கு அருகே உள்ள பெரிய புல்வெளியில் வேலி போட்டுக் காக்கும் தெம்புசு மரம். 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த மரம்தான். தாழ்ந்து கிடையாக நீண்ட அந்தக் கிளையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். நோட்டைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், வெயில் உங்கள் முதுகில் விழும்படி.

நேபியரில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் கரையோரப் பூந்தோட்டங்கள், சுமார் இருபது நிமிடம். பயணத்தில் சட்டை வியர்வை உலர்ந்துவிடும்.

இங்கே திறந்தவெளியில் அலையாமல் நேராகக் குளிர்கூடங்களுக்குள் நுழையுங்கள். தோட்டம் 2012 ஜூனில் திறந்தது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 100 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. கூடங்கள் இரண்டு. மலர்க்கூடம் 1.2 ஹெக்டேர், உலர்ந்த குளுமை. ஆலிவ் மரமும் ஆப்பிரிக்காவின் பருத்த பாவோபாப் மரமும் இதில் இருக்கின்றன. மேகக்காடு 0.8 ஹெக்டேர், ஈரக் குளுமை. 35 மீட்டர் உயர மலை ஒன்றைச் செயற்கையாக எழுப்பி அதன் மேல் செடி வளர்த்திருக்கிறார்கள். நேரமும் கால் வலுவும் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் மேகக்காட்டுக்கே போங்கள். மின்தூக்கியில் உச்சிக்கு ஏறி, சுற்றுப்பாதையில் நடந்தே இறங்க வேண்டும். கீழிருந்து ஏறத் தொடங்கியவர்கள் கூட்டத்துக்கு எதிராக நடக்க நேரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பனிமூட்டம் விடுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் நடைபாலத்தில் நின்றிருப்பது தனி அனுபவம். பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் இந்தக் கூடம், வேறொரு நாள் அந்தக் கூடம் என்று மூடுவார்கள். சீட்டு வாங்கும் முன் அன்றைய தேதியைப் பாருங்கள்.

பூமத்திய ரேகையருகே கண்ணாடிக் கூண்டு கட்டி அதைக் குளிரவைப்பது எப்படி என்ற கேள்வி வரும். கூடம் முழுவதையும் குளிரவைப்பதில்லை. தரைத்தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர் ஓடவிட்டு, ஆள் நடக்கும் உயரம் வரை மட்டும் குளிரவைக்கிறார்கள். சூடான காற்று மேலே போய்க் கூரை வழியே வெளியேறுகிறது. நகரத்துப் பூங்காக்களில் வெட்டிய கிளை, தழை எரித்து மின்சாரமும் குளிரும் எடுக்கிறார்கள். வெளியே நிற்கும் 18 உயர மரங்களில், அந்த 25 முதல் 50 மீட்டர் இரும்பு மரங்களில், சில உண்மையில் இந்த அமைப்பின் காற்றுப்போக்கிகள்.

கேமரா, கண்ணாடி அணிபவர்களுக்கு ஒன்று. உள்ளே போகும்போது எதுவும் ஆகாது, வெளியே வரும்போதுதான் லென்ஸ் வெண்மையாகப் பூத்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவதுதான் அது. துடைத்தால் மறுபடி படியும். கைக்குட்டையால் திரும்பத் திரும்பத் துடைத்துக் கீறல் விழுந்ததுதான் மிச்சமாகும். வெளியேறுவதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, வெளியே வந்து கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் லென்ஸ் தெளிவாக இருக்கும்.

மதிய மழைக்கும் இந்த நேரம்தான் பொருத்தம். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் எங்கேயாவது இடி உண்டு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், அதற்காக நாளைக் கைவிட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். அப்போது இந்தத் திட்டத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு மழையும் உண்டு, சுமத்ரா சூறைக்காற்று என்பார்கள். மேற்கே சுமத்ராவிலிருந்து விடியுமுன் கிளம்பி, பலத்த காற்றோடு காலையில் தீவைக் கடக்கும். பூமலைக்குக் கிளம்பும் முன் மைஎன்வி செயலியில் மழை ரேடார் படத்தைத் திறந்து, மேற்கே வில் போல ஒரு பட்டை நகர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தேக்காவிலேயே இன்னொரு தேநீர் குடித்துவிட்டு 9 மணிக்குக் கிளம்பலாம்.

3:30 வாக்கில் கூடத்தைவிட்டு வெளியே வந்தால் மரினா அணைக்கட்டு கால் மணி நேர நடை. நிழல் இல்லாத மேல்தளப் புல்வெளிக்கு அப்போதே ஏறாதீர்கள், கீழே நின்று பாருங்கள். தோட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தண்ணீரைப் பலரும் கடல் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது நன்னீர். 2008இல் திறந்த இந்த அணை, மரினா கால்வாயின் 350 மீட்டர் வாயை மறித்து, கடலுக்கும் நகரத்துக்கும் நடுவே நிற்கிறது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் கடல். பாலத்தின் நடுவில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால் நீர்மட்டம் ஒன்றாக இல்லை என்பது தெரியும். அணையில் 9 மதகுகள். கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகைச் சாய்த்து வெள்ளத்தைத் தானாக வடியவிடுவார்கள். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறக்க முடியாது, கடல்நீர் உள்ளே வந்துவிடும். அப்போது 7 ராட்சத பம்புகள் வெள்ளத்தை இறைத்துக் கடலில் தள்ளும். நகரத்துத் தாழ்வான தெருக்கள் மூழ்காமல் இருப்பதற்கும், குடிநீருக்கும் ஒரே கட்டுமானம்.

இப்போது மறுபடியும் பழுப்புக் கோடு. கிழக்கு நோக்கி நான்காவது நிறுத்தம் மரின் பரேட். இந்தக் குடியிருப்பு முழுக்கவும் 1960களின் நடுவிலிருந்து பெடோக், சிக்லாப் மேடுகளை வெட்டிக் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் நிற்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் அப்படி வந்ததுதான். 15 கிலோமீட்டர் கரை, 185 ஹெக்டேர். நிலையத்திலிருந்து கடல் பக்கம் நடந்து, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைக் கடந்தால் மணல். தோழர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் “கடற்கரையில் நிற்கிறேன்” என்று சொல்லிப் பயனில்லை. பூங்காவில் வாகன நிறுத்துமிடங்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர்ப்பலகை உண்டு. சி4, இ2 என்று அதைச் சொல்லுங்கள்.

மிதிவண்டி வாடகைக்கு எடுப்பதுதான் இந்தக் கரைக்குச் சரியான வழி. எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். இருக்கை உயரம் சரியா என்று பார்க்க, மிதி மிகத் தாழ்ந்திருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வான இருக்கையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் முட்டி வலிக்கும். முதலில் காற்றுக்கு எதிர்த்திசையில் போய், திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு எதிர்காற்று மிகக் கொடுமை. இடப்பக்கமாக ஓட்ட வேண்டும், மிதிவண்டிப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடப்பவர்களுக்குத் தனிப்பாதை இருக்கிறது. படம் எடுக்க மிதிவண்டிப் பாதையில் நின்றுவிடுவதுதான் இங்கே மோதலுக்குப் பெரும்பாலும் காரணம், குழந்தைகளின் கையை அங்கே விட்டுவிடாதீர்கள்.

கரையோரம் சவுக்கு, தென்னை, தூங்குமூஞ்சி மரம், நாட்டு வாதுமை. வாதுமை இலை சிவந்து உதிர்வதை இலையுதிர் காலம் இல்லாத ஊரில் பார்ப்பது அழகு. கடலில் பாறைக் குவியல்கள் நீட்டி நிற்கும். அலை நேராக வந்து மணலை அரித்துப் போகாதபடி போட்ட தடுப்புகள் அவை, அவற்றுக்கு நடுவே கரை பிறைபோல வளைந்திருக்கும். பாறை மேல் ஏறாதீர்கள், பாசியும் சிப்பியும் காலைக் கிழிக்கும். குளிப்பதற்கு ஏற்ற தெளிந்த கடல் இல்லை. கால் நனைக்கலாம், செருப்போடு.

கதிரவன் கடலில் இறங்குவதைப் பார்க்க இங்கே வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். இந்தக் கரை தெற்கும் தென்கிழக்குமாகப் பார்த்து நிற்கிறது. பொழுது நகரத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் சாயும். நீருக்கு மேல் மறையும் ஒளி வேண்டுமென்றால் 6:30க்கு மரினா அணைக்கட்டின் மேல்தளத்தில் இருந்துவிட்டுப் பிறகு இங்கே வரலாம். ஆனால் ஈஸ்ட் கோஸ்ட்டின் அழகு பொழுது சாய்ந்த பிறகுதான். துறைமுகத்துக்குள் முறை வரக் காத்து நங்கூரமிட்ட கப்பல்கள் கடல் முழுக்க நிற்கும். பூமத்திய ரேகையருகே அந்தி நீளாது, சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். அந்த இருபது நிமிடத்தில் கப்பல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். கடைசியில் தொடுவானம் எது, விளக்கு வரிசை எது என்று பிரித்தறிய முடியாது, கடலுக்குள் இன்னொரு ஊர் எழுந்தது போல இருக்கும். இதைப் பார்க்க மணலில் உட்காராமல் பெஞ்சில் உட்காருங்கள், முழுக்கால் சட்டையோடு. அந்தி நேரத்தில் மணல் ஈக்கள் தரையையொட்டிப் பறக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் கணுக்கால் முழுக்கத் தடித்து, ஒரு வாரம் அரிக்கும்.

இரவு உணவுக்கு ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி, பேஷோர் நிலையத்தின் பக்கம். கடலுக்கு ஒட்டி, 1970களிலிருந்து இருக்கிறது. வார நாட்களில் பல கடைகள் பிற்பகலுக்குப் பிறகுதான் திறக்கும், மாலைதான் சரியான நேரம். குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே விற்கும் கடைகளில் பொதுவாக 10 குச்சிக்குக் குறைத்துத் தர மாட்டார்கள். மேசையில் ஒரு டிஷ்யூப் பொட்டலம் கிடந்தால் யாரோ இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்கள், வேறு மேசை பாருங்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் சட்டம். சைவம் சாப்பிடுபவர்கள் “காய்கறி மட்டும்” என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும், கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். இரண்டும் இல்லாமல் தர முடியுமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் இங்கே கரும்புச் சாறோடு நிறுத்திக்கொண்டு தேக்காவுக்குத் திரும்பிச் சாப்பிடலாம்.

உயர மரங்களின் ஒளி நிகழ்ச்சி கரையோரப் பூந்தோட்டங்களில் தினமும் 7:45க்கும் 8:45க்கும் இலவசமாக நடக்கிறது. அதையும் பார்க்க விரும்பினால் 7:50க்குக் கடலைவிட்டு எழ வேண்டும். இருட்டும்வரை இருந்துவிட்டு எழுவதானால் நேரம் சரியாக வரும். உணவை அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதைவிட ஒளி நிகழ்ச்சியை வேறொரு மாலைக்கு விடுவதே என் விருப்பம்.

கிளம்பும் முன் கால் கழுவும் குழாயில் மணலைக் கழுவி, பையிலிருக்கும் மாற்றுப் பனியனை உடுத்திக்கொள்ளுங்கள். ரயிலில் குளிர் கடுமையாக இருக்கும், ஈரச் சட்டையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு நடுங்கிவிடும். பேஷோரில் ஏறி ஸ்டீவன்ஸில் இறங்கி நீலக் கோட்டுக்கு மாறினால் நியூட்டன், அடுத்தது லிட்டில் இந்தியா. 9:30க்குத் தேக்காவில் இன்னும் தோசைக்கல் சூடாகவே இருக்கும்.